ஹேஸ்டிங்ஸ் தெரு எங்கே போயிற்று? டெட்ராய்ட்டின் அழிந்த கறுப்பினக் குடியிருப்பும் அதன் இசையும்

இசைத்தட்டுக்காரன் எழுதியது:

பழைய ப்ளூஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பது என் நெடுநாள் வழக்கம். ஜான் லீ ஹூக்கர் 1948-இல் டெட்ராய்ட்டில் பதிவுசெய்த 'பூகி சில்லன்' பாட்டில், தாம் ஹேஸ்டிங்ஸ் தெருவில் நடந்து போனதாகவும், ஹென்றியின் ஸ்விங் கிளப்பைப் பற்றி ஊரார் பேசிக்கொண்டதாகவும் பாட்டோடு பாட்டாகச் சொல்லிக்கொண்டு போவார். மிசிசிப்பியிலிருந்து வந்து தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பெருநகரத்தின் ஒரு தெருவைக் கண்டு வியந்து நின்ற கணம் அதில் அப்படியே இருக்கிறது. மிச்சிகனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்தத் தெருவைப் பார்க்கவில்லையே என்று உறுத்தியதால் சென்ற ஞாயிற்றுக்கிழமை நகர மையத்துக்குப் போனேன்.

தெரு இல்லை. வடக்கே ஒரு சிறு துண்டு எஞ்சியிருக்கிறது. ஹூக்கர் நடந்த பகுதியில் நிலமட்டத்துக்குக் கீழே அகழிபோல் தோண்டப்பட்ட ஐ-375 நெடுஞ்சாலை ஓடுகிறது. மேம்பாலத்தின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். கீழே கார்கள் போவதைத் தவிரப் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

பிளாக் பாட்டம், அதற்கு வடக்கே பாரடைஸ் வேலி என்று இரண்டு பெயர்களால் அறியப்பட்ட அந்தப் பகுதியைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே எழுத வேண்டுகிறேன். டெட்ராய்ட்டின் இசை என்றால் எல்லோரும் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் தொடங்கி மோட்டவுனிலேயே முடிக்கிறார்கள். அதற்கு முன்னே இருந்தது என்ன என்பதே என் கேள்வி.

தாமரைக்குளம் எழுதியது:

நல்ல இழை, ஐயா. பிளாக் பாட்டம் என்ற பெயர் அங்கே வாழ்ந்த மக்களின் நிறத்தைக் குறிப்பது என்றுதான் நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது மண்ணின் நிறம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடியேறிகள் ஆற்றோரத்தில் பயிர்செய்தபோது அங்கிருந்த தாழ்நிலத்துக் கரிய வண்டல் மண்ணைக் கண்டு இட்ட பெயர் என்பார்கள். ஜெர்மானியர், இத்தாலியர், கிழக்கு ஐரோப்பிய யூதர் எனப் பலரும் அடுத்தடுத்துக் குடியிருந்து, கொஞ்சம் காசு சேர்ந்ததும் வேறு பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். கடைசியாக வந்த கறுப்பின மக்களுக்கு மட்டும் அப்படிப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

எண்ணிக்கையைப் பார்த்தால் நெருக்கடி புரியும். 1910-இல் டெட்ராய்ட்டில் இருந்த கறுப்பின மக்கள் 5,741 பேர். 1914-இல் ஃபோர்டு ஒரு நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தது. போர்க்காலத்தில் ஆள் தேவையும் கூடியது. தென்மாநிலங்களிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். 1930-இல் அந்த எண்ணிக்கை 1,20,066. 1950-இல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அவர்கள் குடியிருக்க விடப்பட்ட இடம் அதற்கேற்ப விரியவே இல்லை.

பாலைவழி எழுதியது:

நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; ஒரு மாற்றுக்கருத்தை வைக்கிறேன். அந்தப் பகுதியின் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டு மரவீடுகள். ஒரு வீட்டில் பல குடும்பங்கள், முற்றத்தில் கழிப்பறை, காசநோய், எலித்தொல்லை என்று அந்நாளைய பதிவுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் நல்ல வீடு கிடைத்தால் மறுநாளே வெளியேறியிருப்பார்கள். இசை இருந்தது என்பதற்காக அந்த வாழ்க்கையை நாம் பொன்னிறம் பூசிப் பார்க்கலாமா?

இரண்டாவதாக, இசை அழிந்ததா என்ன? 1959-இல் மோட்டவுன் பிறந்தது. உலகமே டெட்ராய்ட்டைக் கேட்டது அதன் பிறகுதான். தெரு போனாலும் இசை வாழ்ந்தது என்று சொல்வதில் என்ன பிழை?

இசைத்தட்டுக்காரன் எழுதியது:

பாலைவழி அவர்களின் முதல் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். வீடுகள் மோசமாகத்தான் இருந்தன. இரண்டாவது கருத்தில்தான் நான் தயங்கி நின்றுவிடுகிறேன், ஏனென்றால் இசை என்பதைத் தெருவிலிருந்து பிரித்தெடுத்து வேறோர் இடத்தில் நட்டுவிடக்கூடிய நாற்றாக நீங்கள் எண்ணுகிறீர்கள்.

ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஜோ வான் பேட்டில் என்பவர் 1945-இல் ஹேஸ்டிங்ஸ் தெரு 3530-ஆம் எண்ணில் இசைத்தட்டுக் கடை திறந்தார். கடையின் பின்னறையில் ஒரு பதிவுக்கருவியை வைத்துக்கொண்டு, தெருவில் பாடித் திரிந்த ப்ளூஸ் பாடகர்களை அழைத்துப் பதிவுசெய்தார். ஹூக்கரும் அங்கே பாடியிருக்கிறார். அதே தெருவில் சற்று வடக்கே, பந்துருட்டு விளையாட்டுக்கூடமாக இருந்த கட்டிடத்தில் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபை கூடியது. 1946-இல் அங்கே போதகராக வந்தவர் சி.எல். ஃபிராங்க்ளின். கருவியைத் தூக்கிக்கொண்டு ஜோ அங்கும் போனார். சனி இரவு மதுக்கடையில் பாடியவரின் குரலும், ஞாயிறு காலை பீடத்தில் முழங்கியவரின் குரலும் ஒரே மனிதரின் கையால் ஒலிநாடாவில் ஏறின. அந்தப் பிரசங்கங்களைக் கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துப் போடுவார். போகிறவர்கள் நடைபாதையில் நின்று கேட்பார்கள்.

1956-இல் அந்தப் போதகரின் 14 வயது மகள் சபையில் பியானோ வாசித்துப் பாடியதையும் அவர்தான் பதிவுசெய்தார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகி அரீதா ஃபிராங்க்ளின். மோட்டவுன் என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை. அரீதா மோட்டவுனில் பாடியதும் இல்லை.

மதுக்கடை, சபை, இசைத்தட்டுக் கடை மூன்றும் நடந்துபோகும் தொலைவில் இருந்ததால் விளைந்த இசை அது. அவற்றை ஐந்து மைல் இடைவெளியில் பிரித்து வைத்தால் அதே மனிதர்கள் இருந்தாலும் அதே விளைச்சல் கிடைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

ஞாயிறுமணி எழுதியது:

சி.எல். ஃபிராங்க்ளினின் பிரசங்கங்களில் பெயர்பெற்றது உபாகமம் 32-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தை அடிப்படையாகக் கொண்டது. "கழுகு தன் கூட்டைக் கலைத்து" என்று நம் தமிழ் வேதாகமத்தில் வரும் வசனம். ஜோ வான் பேட்டில் 1953-இல் பதிவுசெய்த அந்தப் பிரசங்கத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது.

அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் பேச்சாகத்தான் தொடங்குகிறது. வரலாறு, தேவனின் தன்மை, கழுகின் இயல்பு என்று நிதானமாக விளக்கிக்கொண்டே போகிறார். கடைசிப் பகுதியில் பேச்சு சிறிது சிறிதாகச் சுருதி பிடித்து, இது பேச்சா பாட்டா என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறது. சபையார் ஒவ்வொரு வரிக்கும் பதில் கொடுக்கிறார்கள். நம் ஊர் உபதேசியார்கள் சிலரிடம் ராகம் இழுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் பேச்சு பாட்டாக மாறும் அந்த ஏற்றத்தை இவ்வளவு துல்லியமாகக் கட்டியவரை நான் கேட்டதில்லை. அரீதாவின் பாடும் முறை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு தட்டே போதும்.

எழுத்தாணி எழுதியது:

பாலைவழி சொன்ன 'மோசமான வீடுகள்' பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவை ஏன் மோசமாயின என்பதற்குப் பின்னால் ஆவணங்கள் இருக்கின்றன.

வெள்ளையர் பகுதிகளின் வீட்டுப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. டெட்ராய்ட்டில் அப்படி ஒரு வீட்டை வாங்கிய ஆர்செல் மெக்கீ என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கோடு சேர்த்து, அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதற்கு ஏழாண்டுகள் முன்பு, 1941-இல், நகரின் வடமேற்கு எல்லையில் வெள்ளையருக்கான புதிய வீடுகளுக்கு அரசு கடன் உத்தரவாதம் பெறுவதற்காகவே அரை மைல் நீளச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. பிளாக் பாட்டம் போய்விட்டது, சுவர் இருக்கிறது. இந்த வேடிக்கையை என்னவென்று சொல்வது!

வெளியே போக வழியில்லாத மக்களிடம் வீட்டுக்காரர் எவ்வளவு வாடகையும் கேட்கலாம், எதையும் பழுதுபார்க்காமலும் விடலாம். அப்படிச் சிதைந்த வீடுகளைக் காட்டியே, இது சேரி, இடிக்க வேண்டும் என்று நகராட்சி முடிவுசெய்தது. திட்டம் 1946-லேயே தீட்டப்பட்டது. 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் மத்திய அரசின் பணத்துக்கு வழிவிட்டது. 1950-இல் மேயர் ஆல்பர்ட் கோபோவின் ஆட்சியில் இடிப்பு தொடங்கியது. இடித்த நிலம் பல ஆண்டுகள் வெறும் புதராகக் கிடந்ததால், களைச்செடியின் பெயரை வைத்து அதை 'ராக்வீட் ஏக்கர்ஸ்' என்று ஊரார் கேலி செய்தார்கள். பிறகு கட்டிடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் வடிவமைப்பில் லாஃபயெட் பார்க் எழுந்தது. கண்ணாடியும் எஃகும் மரநிழலுமாக அழகிய குடியிருப்புதான். 2015-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. இடிக்கப்பட்ட வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களால் அங்கே குடிபோக முடியவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹேஸ்டிங்ஸ் தெருவுக்கு முடிவு அடுத்த கட்டத்தில் வந்தது. 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி மத்திய அரசு 90 விழுக்காடு செலவை ஏற்றது. 1959-இல் வேலை தொடங்கி, 1964-இல் சாலை திறக்கப்பட்டது. ஐ-375-இன் நீளம் ஒரு மைலுக்குச் சற்றே கூடுதல். வணிகம் செழித்த ஒரு தெருவை அழிப்பதற்கு அந்த ஒரு மைல் போதுமானதாக இருந்தது. கட்டிட உரிமையாளருக்கு விலை கொடுத்தார்கள். கடையை வாடகைக்கு எடுத்து, இருபது ஆண்டு வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவருக்கு அந்த வாடிக்கைக்கான விலையை யாரும் கொடுக்கவில்லை.

மேளகர்த்தா எழுதியது:

இசைப்பக்கம் திரும்புகிறேன். பாரடைஸ் வேலி என்ற பெயர் எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவுக்காக 1919-இல் கட்டப்பட்ட ஆர்க்கெஸ்ட்ரா ஹாலை, பொருளாதார நெருக்கடியால் 1939-இல் அக்குழு விட்டுச் சென்றது. 1941 டிசம்பரில் அதே அரங்கம் 'பாரடைஸ் தியேட்டர்' என்ற பெயரில் கறுப்பின மக்களுக்கான இசையரங்காகத் திறக்கப்பட்டது. டியூக் எலிங்டன், பில்லி ஹாலிடே, கவுண்ட் பேஸி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்று அந்த மேடையில் ஏறாத பெரிய பெயர் அரிது. 1951-இல் அது மூடப்பட்டது. 1970-இல் இடிக்கப்படவிருந்த அரங்கத்தை இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் போராடிக் காப்பாற்றினார்கள். 1989-இல் சிம்பொனி குழு திரும்பி வந்தது. இன்றும் அங்கே அமர்ந்து இசை கேட்கலாம்.

அடுத்தது பள்ளிக்கூடம். கிழக்குப் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் போகாதபடி 1930-களில் மில்லர் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள். பிரித்துவைக்கும் எண்ணத்தில் செய்த வேலை. அங்கே நல்ல இசையாசிரியர் இருந்தார். வைப்ரஃபோன் மேதை மில்ட் ஜாக்சன், யூசெஃப் லத்தீஃப், கிட்டார் கலைஞர் கென்னி பர்ரல் ஆகிய மூவரும் மில்லரில் படித்தவர்களே. ஜாஸ் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று பெயர்களின் கனம் புரியும்.

மோட்டவுனைப் பற்றிப் பாலைவழி சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கேன்ஃபீல்டு தெரு முனையில் 1949-இல் திறந்த ஃபிளேம் ஷோ பார் என்ற கேளிக்கை விடுதியில் படமெடுத்து விற்கும் உரிமையை, மோட்டவுனை நிறுவிய பெர்ரி கார்டியின் சகோதரிகள் பெற்றிருந்தார்கள். கார்டி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்துதான் பாடகர்களையும் மேலாளர்களையும் அறிமுகம் செய்துகொண்டார். அந்த விடுதியின் இசைக்குழுத் தலைவர் மாரிஸ் கிங் பிற்பாடு மோட்டவுன் கலைஞர்களுக்கே பயிற்சியாளரானார். மோட்டவுனின் சுப்ரீம்ஸ் பாடகியர் குழுவின் மூன்று பெண்களும் பாரடைஸ் வேலியை ஒட்டி 1930-களில் கட்டத் தொடங்கிய பிரூஸ்டர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். ஆகவே, தெரு போன பிறகு மோட்டவுன் பிறந்தது என்பதைவிட, தெரு சேர்த்துவைத்த மூலதனத்தில் மோட்டவுன் கடை திறந்தது என்பதே பொருத்தம்.

பாலைவழி எழுதியது:

கார்டியைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அவர் 1953-இல் ஜாஸ் இசைத்தட்டுக் கடை ஒன்றைத் திறந்து இரண்டே ஆண்டில் நொடித்துப்போனார். வருகிற தொழிலாளர்கள் எல்லாம் ப்ளூஸ் தட்டைக் கேட்டார்களாம். இவர் ஜாஸ்தான் உயர்ந்தது என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று தெரு கற்றுக்கொடுத்த பிறகுதான் அவர் பாட்டு எழுதப் போனார் என்ற அளவுக்கு மேளகர்த்தா சொல்வதை ஏற்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்தத் தெரு பாதுகாப்பான சொர்க்கமாகவா இருந்தது? 1943 கலவரம் அங்கேதானே வெடித்தது?

எழுத்தாணி எழுதியது:

தொடங்கியது ஆற்றுத் தீவான பெல் ஐலில், ஜூன் 20 அன்று மாலை. அன்றிரவு ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்த ஃபாரஸ்ட் கிளப்பில் கூட்டம் நிறைந்திருந்தபோது, வெள்ளையர் ஒரு கறுப்பினப் பெண்ணையும் குழந்தையையும் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஒருவர் மேடையேறி அறிவித்தார். அது பொய்ச் செய்தி. வெள்ளையர் பகுதிகளில் அதற்கு எதிரான வேறொரு பொய் பரவிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் 34 பேர் இறந்தார்கள். 25 பேர் கறுப்பினத்தவர், அவர்களில் 17 பேரைக் கொன்றது காவல்துறை. தெருவுக்குள் கொட்டமடித்த வன்முறையில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

சொர்க்கம் என்று நானும் சொல்லமாட்டேன். சூதாட்டச் சீட்டு நடத்திய பணத்தில்தான் பல விடுதிகள் ஓடின. ஆனால் வங்கி கடன் கொடுக்காத மக்களுக்கு அந்தச் சீட்டுப் பணமே முதலாகவும் இருந்தது.

தாமரைக்குளம் எழுதியது:

ஜோ வான் பேட்டிலின் கதை முடிவை யாரும் சொல்லவில்லையே. ஹேஸ்டிங்ஸ் தெரு இடிபட்டதும் அவர் மேற்கே 12-ஆம் தெருவுக்குக் கடையை மாற்றினார். இடம்பெயர்ந்தவர்களில் ஏராளமானோர் அங்கேதான் போய் நெருக்கியடித்துக் குடியேறியிருந்தார்கள். நியூ பெத்தேல் சபையும் பல இடம் மாறி, 1963-இல் அதே மேற்குப் பகுதியில் லின்வுட் சாலையில் ஒரு பழைய திரையரங்கைச் சபையாக்கிக்கொண்டது. 1967 ஜூலையில் 12-ஆம் தெருவில் கிளர்ச்சி மூண்டது. கடையைக் காவல்துறை அடைத்துவிட்டது. சில நாள் கழித்து ஜோ குடும்பத்தோடு போய்ப் பார்த்தபோது எரிந்தும் நீரில் ஊறியும் உருகியும் கிடந்த நாடாக்களும் தட்டுகளும்தான் மிச்சம். இருபதாண்டுப் பதிவுகள். அதன் பிறகு அவர் கடை திறக்கவில்லை, 1973-இல் இறந்தார்.

நாம் இன்று கேட்பது, வேறு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்ததால் தப்பிய பகுதியை மட்டுமே. கரிந்துபோன நாடாக்களில் யார் யார் பாடியிருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பாலைவழி ஐயாவின் 'இசை வாழ்ந்தது' என்ற கூற்றுக்கு என் பதில் இதுதான்.

பாலைவழி எழுதியது:

இதை நான் அறிந்திருக்கவில்லை. என் இரண்டாவது கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். முதல் கருத்தில் நிற்கிறேன்.

எழுத்தாணி எழுதியது:

நினைவைப் பற்றி இன்னொன்று. இடிப்பதற்கு முன் நில மதிப்பீட்டுக்காக நகராட்சி 1949, 1950-ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டிடத்தையும் படமெடுத்தது. எண் எழுதிய பலகையை வைத்து எடுத்த வறண்ட அரசுப் படங்கள். அவை டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் வரலாற்றுத் தொகுப்பில் கிடந்தன. எமிலி குட்டில் என்ற கட்டிடக்கலைஞர் அவற்றைத் தெருவாரியாக ஒட்டிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். முடிதிருத்தும் கடை, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி, படமெடுப்பவரை முறைத்துப் பார்க்கும் சிறுவன் எல்லாம் அவற்றில் வருவதால், அங்கே வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் வந்து தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அழிப்பதற்கு எடுத்த படமே அடையாளச் சான்றாகிவிட்டது.

ஐ-375-ஐத் தூர்த்து மேல்மட்டச் சாலையாக்கும் திட்டத்துக்கு 2022-இல் மத்திய அரசு 10 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அதனால் ஏறத்தாழ 30 ஏக்கர் நிலம் மீளும் என்றார்கள். அந்த நிலம் யாருக்கு என்பதில்தான் பேச்சு முட்டி நின்றது. செலவு மதிப்பீடு பெருகியதால் 2025-இல் மாநிலப் போக்குவரத்துத் துறை திட்டத்தை நிறுத்திவைத்தது. என்னைக் கேட்டால், சாலையைத் தூர்ப்பது எளிது. பழைய கடைக்காரரின் பேரனுக்கு அங்கே ஒரு கடை கிடைப்பதுதான் அரிது.

பாலைவழி எழுதியது:

அடுத்த மாதம் டெட்ராய்ட் வருகிறேன். ஒரு நாள்தான் ஓய்வு. எதைப் பார்க்கலாம்?

இசைத்தட்டுக்காரன் எழுதியது:

காலையில் லாஃபயெட் பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே 2021-இல் வைத்த பிளாக் பாட்டம் நினைவுப் பலகையைப் படியுங்கள். அங்கிருந்து நடந்தே மேம்பாலத்துக்கு வந்துவிடலாம். வடக்கே பார்த்து நின்றால், உங்கள் காலுக்குக் கீழே போவதுதான் ஹேஸ்டிங்ஸ் தெருவின் தடம். பிறகு நூலகத்துக்குப் போய்ப் பழைய படங்களைக் கேளுங்கள். மாலையில் ஆர்க்கெஸ்ட்ரா ஹாலில் ஏதேனும் நிகழ்ச்சி இருந்தால் சீட்டு வாங்கிவிடுங்கள். வரும் நாளைச் சொன்னால் நானும் வருகிறேன். ஞாயிறுமணி அவர்கள் குறிப்பிட்ட பிரசங்கத் தட்டு என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கீறல் இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.